தட்டைக் காட்டு, மைராம்பெக்

சல்கினாய் தொலைபேசியில் பேசும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு வழியில்லை. ஒரே அறை, இரண்டு மேசை, நடுவில் ஓர் இரும்பு அலமாரி. பிஷ்கெக்கில் எங்கள் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், குடல் நோய்ப் பிரிவை ஒட்டி, முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த அறை அது. நான் நூரிலா, அந்தப் பிரிவின் மூத்த நர்ஸ். அவள் டயட்டீஷியன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களின் வாயை இங்கே உட்கார்ந்து காவல் காப்பதுதான் அவள் வேலை.

"காலையில என்ன சாப்பிட்டே?"

"கஞ்சி, அக்கா."

"என்ன கஞ்சி?"

"வெள்ளைக் கஞ்சி."

"சுண்ணாம்புகூட வெள்ளைதான். அரிசியா, ரவையா?"

நாள் முழுக்க இதே பேச்சு. மதியத்துக்குள் எனக்குத் தலை வலிக்கும். அவளுக்கு வலிக்காது, அவளுக்குக் கோபம்தான் வரும். கோபம் வந்தால் பேனாவின் மூடியைக் கடிப்பாள். எங்கள் அறையில் மூடி முழுசாக இருந்த பேனா என்னுடையது மட்டும்தான்.

சல்கினாய் இந்த வேலைக்கு நேராக வந்தவள் அல்ல. பனி பெய்கிற மலையூரான கோச்கோர் பக்கத்துப் பெண். எங்கள் மருத்துவமனைச் சமையலறையில் பதினெட்டு வருஷம் மேற்பார்வை பார்த்தவள். யாருக்கு உப்பில்லாமல், யாருக்குச் சர்க்கரை இல்லாமல், எந்த மாடிக்கு எத்தனை வாளி சூப் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அப்போது அவளை வாட்டிய விஷயம் ஒன்று உண்டு. மற்றப் பிரிவுகளிலிருந்து வழித்துத் துடைத்த தட்டுகள் திரும்பி வரும். எங்கள் பிரிவிலிருந்து மட்டும் முட்டைக்கோஸ் சூப் ஆடை கட்டி, போனது போலவே வரும். ஒருநாள் அந்த வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். கட்டில் கட்டிலாக நின்று, "என் சமையல்ல என்ன குறை? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க" என்று கேட்டாள்.

ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்த ஒரு பெண் சொன்னாள்: "சமையல்ல குறை இல்லை. தின்னா அரை மணியில கக்கூசுக்கு ஓடணும். அங்க வாசல்ல ஏற்கெனவே நாலு பேர் நிக்கறாங்க. அதுக்குத் தின்னாமலே கிடக்கலாம்."

மறுநாளிலிருந்து எங்கள் பிரிவுக்கு முட்டைக்கோஸ் வரவில்லை. மசித்த உருளைக்கிழங்கும், தோல் உரித்த கோழி வேகவைத்த சூப்பும் வந்தன. தட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகத் திரும்பின. அவளுக்கு அது போதவில்லை. நாற்பத்து நாலு வயதில் உணவியல் படிக்கப் போனாள். முதல்நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் ஆசிரியை வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்களாம்.

தொலைபேசி வேலை பெருந்தொற்றுக் காலத்தில் ஆரம்பித்தது. சாலைகளை மூடியபோது நோயாளிகள் வர முடியவில்லை, இவள் கூப்பிட ஆரம்பித்தாள். சாலைகள் திறந்த பிறகும் நிறுத்தவில்லை. காரணம் எளிது. நரீன் மாகாணத்து அட்-பாஷியிலிருந்து பிஷ்கெக்குக்கு வேனில் ஆறேழு மணி நேரம். வழியில் கணவாய், அதற்கப்புறம் வெட்டவெளி. ஒரு மரம்கூட இல்லாத புல்வெளியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை போகிறவன் எங்கே ஒதுங்குவான்? குடல் நோயாளிகள் அந்தப் பயணத்துக்கு முந்தின நாளே பட்டினி கிடப்பார்கள். மெலிந்துபோனவனை, சாப்பிடுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க இரண்டு நாள் பட்டினி போட்டு வரவழைப்பது என்ன வைத்தியம் என்று தலைமை மருத்துவரிடம் சண்டை போட்டு, இந்த அறையையும் ஒரு தொலைபேசியையும் வாங்கினாள். திங்கள் பாத்கென் பக்கம், செவ்வாய் நரீன் பக்கம், புதன் தலாஸ். அறுபதுக்கும் மேலே ஆட்கள்.

அந்த அறுபது பேரில் அவள் பேனா மூடிகளை அதிகம் தின்றவன் மைராம்பெக்.

அட்-பாஷிக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பத்தொரு வயது. மைராம் என்றால் பண்டிகை; பண்டிகை நாளில் பிறந்ததால் அந்தப் பெயர். பெயருக்கு ஏற்ற பிழைப்பு: வார நாட்களில் பள்ளியில் பாட்டு வாத்தியார், சனி ஞாயிறு கல்யாண விருந்துகளில் தமதா. மைக்கைப் பிடித்து, யார் எப்போது எழுந்து வாழ்த்த வேண்டும், எப்போது பாட்டு, எப்போது ஆட்டம், எப்போது கறி என்று விருந்தை நடத்திக் கொடுக்கிறவன். நாலு வருஷமாக அவனுக்குக் குரோன் நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதி புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, தழும்பு இறுகிச் சுருங்கிவிட்டது. சுண்டுவிரல் நுழையாது. எங்கள் அறுவை மருத்துவர் ஜனவரியில் படங்களைப் பார்த்துவிட்டு, "இது மருந்துக்குத் திறக்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு இணைக்கணும். ஆனா நாப்பத்தொன்பது கிலோ உடம்புல தையல் நிக்காது. அம்பத்தாறாக்கிட்டு வாங்க" என்றார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த ஏழு கிலோ சல்கினாயின் தலையில் விழுந்தது.

அவள் திட்டம் போட்டாள். நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொன்றும் கையளவு. எல்லாம் மசித்தது, வடிகட்டியது. விதை, கொட்டை, உலர்ந்த ஆப்ரிகாட் பழம், பச்சைக் காய், நார்க்கறி, ஆட்டு வால்கொழுப்பு, கிமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் எதுவும் கூடாது. ஒவ்வொரு வேளையும் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எடையைக் கிராமச் சுகாதார நிலையத்துத் தராசில் பார்த்து அனுப்ப வேண்டும்.

அனுப்பினான். நாள் தவறாமல் அனுப்பினான். மசித்த கேரட், முட்டையின் வெள்ளை, ரவைக் கஞ்சி என்று ஓவியம் மாதிரி தட்டுகள். சல்கினாய் இரண்டு மாதம் அவனை மற்றவர்களுக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அட்-பாஷியில ஒரு மனுஷன் இருக்கான். அவனைப் பாத்துக் கத்துக்க."

ஆனால் எடை ஏறவில்லை. ஐம்பது வந்தது, நாற்பத்தொன்பதுக்குப் போனது. ஏப்ரலில் ஒரே வாரத்தில் ஐம்பத்து மூன்று என்று தராசுப் படம் வந்தது. அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முள்ளுக்குக் கீழே இரண்டு ரப்பர் பூட்ஸின் முனை தெரிந்தது.

"பூட்ஸோட ஏறியிருக்கான் நூரிலா. கோட்டு பாக்கெட்ல என்ன வெச்சிருந்தானோ, குதிரை லாடமோ என்னமோ."

அன்றிலிருந்து அவள் தட்டுப் படங்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தாள். மே மாதக் கடைசி செவ்வாய்க்கிழமை அவனை வீடியோவில் கூப்பிட்டாள். தன் முகத்தை அவள் யாருக்கும் காட்டமாட்டாள், கேமராவை மேசையைப் பார்க்க வைத்துவிடுவாள். சிரித்த முகம், கன்னம் இரண்டும் உள்ளே. குரல் மட்டும் மண்டபத்தை நிறைக்கிற குரல்.

"மைராம்பெக், நேத்து மத்தியானத் தட்டு அழகா இருந்துச்சு."

"உங்க புண்ணியம், அக்கா."

"பின்னால ஜன்னல்ல பனி விழுந்துக்கிட்டிருக்கே."

கொஞ்சம் யோசித்தான். "எங்க ஊர்ல மே மாசத்துலயும் பனி பெய்யும் அக்கா. நீங்க பட்டணத்துக்காரங்க."

"நான் கோச்கோர்க்காரி. எனக்குப் பனியைப் பத்திச் சொல்லாதே. போனை ஜன்னல் பக்கம் திருப்பு."

"சிக்னல் போயிடும் அக்கா."

"உன் பொண்டாட்டி பக்கத்துல இருக்காளா? சூரா, நீ வாங்கித் திருப்பும்மா."

படம் ஆடியது. அப்புறம் ஜன்னல் வந்தது. வெயில். வேலிமேல் துவைத்துப் போட்ட கம்பளம். பச்சைப் புல்லில் இரண்டு கன்றுகள். பனி என்று சொல்ல ஒரு துளிகூட இல்லை.

சூராவின் குரல் மட்டும் கேட்டது. அவள் மெதுவாகப் பேசுகிறவள். "பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை என்னை உக்கார வெச்சு முப்பது தட்டு செய்யச் சொன்னார் அக்கா. எல்லாத்தையும் படம் புடிச்சு வெச்சுக்கிட்டார். அதைத்தான் மாத்தி மாத்தி அனுப்பறார். அன்னைக்கு அந்த முப்பது தட்டையும் பிள்ளைங்கதான் தின்னுச்சு."

சல்கினாய் வாயிலிருந்த பேனா மூடியை எடுத்தாள். "படம் எடுக்கப் பட்ட பாட்டைத் தின்னறதுல பட்டிருந்தா இந்நேரம் உனக்கு ஆபரேஷனே முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

தட்டை நம்பிப் பயனில்லை என்று ஆனதால், அடுத்து மாவுக்கு வந்தாள். குடலுக்கு வேலை வைக்காமல் உடம்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுக்கிற சத்து மாவு அது. தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. மருத்துவமனைக்கு வரும் கொஞ்சம் டப்பாக்களில் பன்னிரண்டை அவனுக்காக எழுதி வாங்கி, நரீன் வேன் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பினாள். மூன்று வாரத்துக்குப் போதும் என்பது கணக்கு. எட்டாம் நாள் போன் வந்தது, டப்பாக்கள் தீர்ந்துவிட்டன என்று.

சல்கினாய்க்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அவ்வளவு குடிச்சிருக்கானா?" என்று என்னிடமே கேட்டாள். எடை கேட்டாள். நாற்பத்தெட்டு.

இந்த முறை அவனுடைய அம்மா ஷாரிபா போனை வாங்கினார். எழுபது வயது, வெள்ளைத் தலைத்துணி, கறாரான வாய். "நல்ல பால்பவுடர்மா அது. எங்க மாடு வத்திப் போச்சு. கடைப் பவுடர் டீயில கட்டி கட்டியா நிக்கும், இது நல்லாக் கலக்குது. வந்தவங்க எல்லாரும் கேட்டுக் கேட்டுக் குடிச்சாங்க."

"அம்மா, அது மருந்து."

"மருந்துன்னா கசக்கணும். இது இனிப்பா இருக்கு."

"உங்க மகனுக்குன்னு அனுப்பினது."

"அவனுக்கும் டீயில போட்டுத்தான் கொடுத்தேன். வந்தவங்களுக்குக் கறுப்பு டீ ஊத்தி, அவனுக்கு மட்டும் வெள்ளை டீ ஊத்தச் சொல்றியா? ஊர் என்ன சொல்லும்?"

அந்தப் பக்கம் டீக்கான சமோவார் கொதிக்கிற சத்தம் கேட்டது. சல்கினாய் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். போன் மட்டும் காதில். ஷாரிபா அம்மா இன்னும் நாலு டப்பா அனுப்ப முடியுமா, வர்ற வாரம் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலையில் விஷயம் கை மீறியது. ஒரு திங்கட்கிழமை காலை சூரா கூப்பிட்டாள். சனிக்கிழமை பக்கத்துக் கிராமத்தில் கல்யாணம். மைராம்பெக்தான் தமதா. விருந்து முடிவில் மாப்பிள்ளை வீட்டார், முக்கிய விருந்தாளிக்கென்று ஒதுக்கும் கறி எலும்பை மரியாதையாக அவன் முன்னால் வைத்தார்கள். கறியோடு, வால்கொழுப்போடு, மேலே வெங்காயத்தோடு முழுசையும் தின்றான். இரண்டு கிண்ணம் கிமிஸ் குடித்தான். ஞாயிறு காலையிலிருந்து வயிறு பானை மாதிரி உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, நரீன் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். குடல் அடைத்துக்கொண்டது.

சல்கினாய் அன்று யாரையும் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நரீன் மருத்துவரிடம் பேசினாள், எங்கள் அறுவை மருத்துவரை இழுத்து வந்து போனைக் கையில் கொடுத்தாள், பழைய படங்களை எல்லாம் அனுப்பினாள். வாய்வழி ஒன்றும் கொடுக்காமல், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்து, நரம்பில் சலைன் ஏற்றி வைத்தார்கள். திறக்காவிட்டால் அந்த உடம்போடு வெட்டித்தான் ஆகவேண்டும். அவள் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் திறந்தது. எடை நாற்பத்தாறு.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவனே மருத்துவமனைக் கட்டிலிலிருந்து பேசினான். மண்டபத்தை நிறைக்கிற குரல் இல்லை.

"ஏன்டா தின்னே?" என்றாள் சல்கினாய். அவள் அவனை 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவளே தொடர்ந்து கேட்டாள்.

"ஆசையா?"

"ஆசை இல்லை அக்கா. எனக்குக் கறி வாசனையே ஆகலை இப்போ."

"பின்னே?"

"போன வசந்தத்துல ரெண்டு கல்யாணம் என் கையை விட்டுப் போச்சு. பேசி முடிச்ச கல்யாணம். எனக்குப் புத்துநோய்னு யாரோ சொல்லியிருக்காங்க. சாகப் போறவன் கையில மைக்கைக் கொடுத்தா பொண்ணு மாப்பிள்ளை வாழுமான்னு ஒரு பெரியவர் கேட்டாராம்." மூச்சு வாங்கினான். "அதான் எல்லார் முன்னாலயும் தின்னு காட்டறேன். பாருங்கடா, நல்லாத்தான் இருக்கேன்னு. அப்புறம் வீட்டுக்கு வந்து தொழுவத்துல படுத்து உருள்றேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"என்ன நோய்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது அக்கா? தமதா எங்கேன்னு மண்டபத்துல கேட்டா கக்கூஸ்ல இருக்கார்னா சொல்றது?"

சல்கினாய் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஆறு மாசம். ஆறு மாசமா என்ன தின்னே, என்ன தின்னேன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். யார் முன்னால தின்னேன்னு கேக்கணும்னு இந்த மண்டைக்குத் தோணலை பாரு."

"உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நான் விருந்துக்கே போனதில்லையா?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். பிறகு போனை எடுத்து, "நீ செஞ்சது முட்டாள்தனம். அது மாறாது. வீட்டுக்குப் போனதும் அம்மாவையும் சூராவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கூப்பிடு" என்றாள்.

கூப்பிட்டார்கள். மூன்று முகமும் ஒரு சின்னத் திரையில் முட்டிக்கொண்டிருந்தன. சல்கினாய் ஒரு காகிதத்தில் குடலை வரைந்து, சுருங்கிய இடத்தில் பேனாவால் குத்திக் காட்டினாள். எட்டு வாரம் வாய்க்குள் மாவுக் கரைசலைத் தவிர எதுவும் போகக் கூடாது என்றாள்.

ஷாரிபா அம்மா கொதித்தார். "எட்டு வாரம் ரொட்டி இல்லாமலா? செத்தவங்களுக்கே ஏழு ரொட்டி சுட்டுப் படைக்கறோம். உசிரோட இருக்கற என் பிள்ளைக்கு ஒரு ரொட்டி கூடாதா?"

"அவனுக்காக அந்த ஏழு ரொட்டியை நீங்க சுட வேண்டாம்னுதான் சொல்றேன்."

சிக்னல் போய்விட்டதோ என்று நான்கூட எட்டிப் பார்த்தேன். படம் உறையவில்லை, ஷாரிபா அம்மாவின் கண் இமைத்தது. அப்புறம் அவர், "டப்பாவை என் பேருக்கு அனுப்பு" என்றார்.

அனுப்பினோம். அவர் எல்லாவற்றையும் துணிப் பெட்டிக்குள் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஒரு விருந்தாளிக்கும் ஒரு கரண்டி போகவில்லை. ஆனால் அவர் தங்கை வீட்டுக்குப் போனபோது சாவியும் கூடப் போனது. மைராம்பெக் அரை நாள் பட்டினி கிடந்தான். சல்கினாய் அதற்கும் ஒரு மணி நேரம் கத்தினாள். பிறகு சாவி சூராவின் கைக்கு வந்தது.

வேலையை விடு என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. விட்டால் வீட்டில் உட்கார்ந்து இன்னும் மெலிவான் என்றாள். "ஒரு கையில மைக். இன்னொரு கையில வாழ்த்தறவங்க பேர் எழுதின அட்டை. ரெண்டு கையும் நிறைஞ்சிருக்கணும். எலும்பு வெச்சா, சூரா உடனே பையில போட்டுக்கட்டும். எல்லாரும்தான் பங்கைக் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க, நீ மட்டும் ஏன் அங்கேயே கடிக்கணும்?" அவன் சரி சரி என்றான். அவன் சரி என்று சொன்னால் அவள் பேனா மூடியைத் தேடுவாள்.

செப்டம்பர் கடைசியில் சூரா ஒரு வீடியோ அனுப்பினாள். நாங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டி அதைப் பார்த்தோம். கல்யாண மண்டபம். மைராம்பெக் மைக்கும் அட்டையுமாக நிற்கிறான். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், மார்பில் பதக்கங்களோடு, கைநிறையக் கறியும் கொழுப்பும் அள்ளிக்கொண்டு ஊட்டிவிட வருகிறார். அந்தக் கையை மறுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கை நிறைந்திருந்தால் என்ன, வாய் இருக்கிறதே. "வாயைத் திற தம்பி" என்கிறார்.

அவன் ஓர் அடி பின்னால் போனான். மைக் வாய்க்கருகேதான் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பெரியவரே, உங்க கைக்கு என் மரியாதை. என் குடல்ல ஒரு இடம் சுண்டுவிரல் நுழையாத மாதிரி சுருங்கிக் கிடக்கு. புத்துநோய் இல்லை, ஒட்டிக்கற நோயும் இல்லை. நாலு வருஷமா இருக்கு. நீங்க ஊட்டறது அங்க போய் மாட்டிக்கிட்டா மூக்கு வழியா குழாய் விட்டு எடுப்பாங்க. ஜூலையில எடுத்தாங்க, எனக்குப் பிடிக்கலை. இந்தக் கறியை மாப்பிள்ளையோட தாய்மாமனுக்குக் கொடுங்க. அவர் வந்ததுலேர்ந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கார்."

அப்புறம் தாய்மாமன் எழுந்து வாயைத் திறந்துகொண்டு வந்தார். மண்டபம் சிரித்தது. பெரியவரும் சிரித்தார், கறியைத் தாய்மாமன் வாயில் திணித்துவிட்டு, அந்த எண்ணெய்க் கையாலேயே மைராம்பெக்கின் முதுகில் தட்டினார்.

எனக்குக் கண் கலங்கியது. சல்கினாய் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். "அட்டைக்குப் பின்னால என்ன வெச்சிருக்கான் பாரு."

பார்த்தேன். அட்டைக்குப் பின்னால் விரலிடுக்கில் ஒரு பூர்சோக். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, பாதி கடித்தது.

உடனே கூப்பிட்டாள். அவன் எடுத்ததும், "பேச்சு நல்லா இருந்துச்சு. பூர்சோக்கைக் கீழே போடு" என்றாள்.

"அது நேத்து எடுத்த வீடியோ அக்கா."

"அப்போ வயித்துக்குள்ள இருக்கு. எத்தனை?"

"ஒண்ணுதான்."

"எத்தனை?"

"மூணு."

அந்தக் கல்யாணத்தால் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. மூன்றாவது மேசையில் இருந்த ஒரு பெண் கை கழுவும் இடத்தில் சூராவைப் பிடித்து நம்பர் கேட்டிருக்கிறாள். அவள் மகளுக்கு இரண்டு வருஷமாக இரத்தமும் சளியுமாகப் போகிறது, கல்யாணம் நின்றுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர். அதற்கப்புறம் குதிரை மேய்க்கிற ஒருவர். குன்றின்மேல் ஏறினால்தான் அவருக்குச் சிக்னல் வரும். "ஒரு கல்யாணத்துக்கு மூணு பேர். இவன் மாசத்துக்கு நாலு கல்யாணம் நடத்தறான். என்னை உசிரோட விடமாட்டான்" என்றாள் சல்கினாய். மூவரையும் மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்க ஏற்பாடு செய்துவிட்டு, செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் எழுதிக்கொண்டாள்.

எட்டு வாரம் பதினாலு வாரமாக நீண்டது. நவம்பரில் சுகாதார நிலையத்துப் பெண்ணே அவனைக் காலணி இல்லாமல், பையைத் தடவிப் பார்த்துத் தராசில் நிறுத்தினாள். ஐம்பத்தைந்து கிலோ எண்ணூறு கிராம். அறுவை மருத்துவர் இரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டு, "இருநூறு கிராமுக்கு நான் சண்டை போடமாட்டேன், வரச் சொல்லுங்க" என்றார்.

டிசம்பர் தொடக்கத்தில் மைராம்பெக்கும் சூராவும் வேனிலிருந்து இறங்கி நேராக எங்கள் அறைக்கு வந்தார்கள். வழியில் மூன்று தடவைதான் வண்டியை நிறுத்தச் சொன்னார், அதில் ஒன்று டீக்கு என்று சூரா பெருமையாகச் சொன்னாள். அவன் என்னைப் பார்த்து, "சல்கினாய் அக்கா?" என்றான். நான் பக்கத்து மேசையைக் காட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்த குள்ளமான, கண்ணாடி போட்ட பெண்ணைப் பார்த்து அவன் நம்பவில்லை.

"குரலைக் கேட்டு, கதவை அடைச்சுக்கிட்டு நிக்கற ஆளுன்னு நெனச்சேன்."

"குரலைக் கேட்டு நானும் உன்னை ஆம்பளைன்னு நெனச்சேன். எலும்புக்கூடு வந்து நிக்குது" என்றாள் அவள். எழுந்து அவன் கோட்டின் பையில் கைவிட்டாள். சூரியகாந்தி விதை, ஒரு பிடி. மேசைமேல் கொட்டினாள். அவன் சூராவைப் பார்த்தான், சூரா கூரையைப் பார்த்தாள்.

"வண்டியில பக்கத்துல இருந்தவர் கொடுத்தார் அக்கா. மறுக்க முடியலை. தின்னலை, வாங்கி வெச்சுக்கிட்டேன்."

எண்ணெய்க் கையோடு வந்த பெரியவரை மண்டபம் பார்க்க மறுத்தவன், வேனில் ஒரு பிடி விதையை மறுக்க முடியாமல் வாங்கியிருக்கிறான். சல்கினாய் கத்தாமல் விதைகளைக் குப்பைக்கூடையில் தள்ளினாள். அவளுக்குக் கத்திச் சலித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவன் வார்டுக்குப் போனதும், "தின்னலை நூரிலா. தோல் ஒண்ணுகூட இல்லை பையில" என்றாள்.

அறுவை நன்றாக முடிந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே வெட்டி எடுத்தார்கள். தையல் நின்றது. நான்காம் நாள் வடிகட்டிய சூப்பு இறங்கியது. அதைச் சல்கினாயே கீழே போய், பழைய சமையலறையில் நின்று வைத்துக் கொண்டுவந்தாள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனான். நோய் போய்விடவில்லை, அது போகிற நோய் இல்லை. மருந்து உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு, செவ்வாய்க்கிழமை உண்டு. எடை அறுபத்து மூன்றில் நிற்கிறது. கல்யாணங்கள் திரும்பி வந்துவிட்டன. ஒரே நாளில் இரண்டு மண்டபம் ஒப்புக்கொண்டு சாப்பாட்டு வேளையைத் தவறவிடுகிறான் என்பது இப்போதைய சண்டை.

போன வசந்தத்தில் நரீன் வேன் ஓட்டுநர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து எங்கள் மாடியில் வைத்துவிட்டுப் போனார். சல்கினாய் பெயருக்கு முழு ஆட்டுத் தொடை ஒன்று, ஷாரிபா அம்மா அனுப்பியது. அறையில் குளிர்பெட்டி இல்லை. அதை வைத்துக்கொண்டு அவள் அங்குமிங்கும் நடந்தாள், புலம்பினாள், "குடல் வார்டுல கொண்டுவந்து கறியை வெக்கறாங்க, இவங்களுக்கு மூளை எங்கே இருக்கு" என்றாள். கடைசியில் சமையலறையில் வேகவைத்து நர்ஸ்கள் பதினோரு பேரும் அவளுமாகத் தின்றோம். மென்மையான கறி. சல்கினாய் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஷாரிபா அம்மாவைக் கூப்பிட்டு, கறியில் கொழுப்பு ஜாஸ்தி, வீட்டில் அவனுக்கும் இப்படித்தான் போடுகிறீர்களா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.